சைலன்சர் ஸ்டட் ஹெட்டில் முறிந்திருக்கிறது: வெல்டா, டிரில்லா?

150 சிசி வண்டி, அலுமினிய ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி). பெண்டு பைப்பை (ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) பிடிக்கும் இரண்டு எம்6 ஸ்டட்டில் (தலையில்லாத 6 மி.மீ. மரைக் கம்பி) ஒன்று நட்டோடு சேர்ந்தே கழன்று வந்துவிட்டது. மற்றது முறிந்து, 4 மி.மீ. மட்டும் வெளியே நிற்கிறது. ராத்திரி முழுக்கத் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிட்டு, ஸ்டட்டை விட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தை மட்டும் சூடேற்றியும் பார்த்தாயிற்று (இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால்). வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கும் பிளையர்) வழுக்கியதுதான் மிச்சம். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிக் கழற்றும் டபுள் நட் போட நீளம் இல்லை. ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டில் துளையிட்டு, உள்ளே செருகித் திருகிக் கழற்றும் கருவி) மட்டும் சொல்லாதீர்கள். அது உள்ளே உடைந்தால் சாதா டிரில் பிட் அதில் இறங்காது.

அடுத்து, எம்8 நட்டை மேலே வைத்து உள்பக்கம் வெல்டு நிரப்பி, சூடு கொஞ்சம் தணிந்ததும் முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்ற யோசனை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவேன். இந்த அளவுக்கு மிக் (கம்பி தானாக வரும் வெல்டிங்) வேண்டுமா, 2.5 மி.மீ. ராடில் ஆர்க் வெல்டிங்கே போதுமா?

அதுவும் கைகொடுக்காவிட்டால் 3 மி.மீ., பிறகு 5 மி.மீ. டிரில். மரை போனால் 6.3 மி.மீ. துளையிட்டு ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்). ஹெட்டை இறக்காமல் டிரில்லை நேராகப் பிடிப்பதுதான் சிக்கல். பழைய ஃபிளாஞ்சை (பெண்டு பைப்பை ஹெட்டோடு இறுக்கும் தகடு) நல்ல துளையில் போல்ட் போட்டு மாட்டி, மறு துளையில் டிரில்லை நேராக வழிநடத்த லேத்தில் கடைந்த புஷ் வைத்து யாராவது செய்திருக்கிறீர்களா? ஃபிரேம் டவுன் டியூப் (இன்ஜினுக்கு முன்னால் இறங்கும் சட்டக் குழாய்) இடிக்காமல் எந்த டிரில் உள்ளே போகும்?