வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே ஒட்டிக்கொள்வது: உங்கள் அனுபவம் என்ன?

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தது வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன். நன்றாகத் தேறி வீட்டு வேலையெல்லாம் பழையபடி பார்த்துக்கொண்டார். பல வருடம் கழித்து ஒரு ராத்திரி வயிற்றை முறுக்கிக்கொண்டு வலி வந்தது. கொஞ்ச நேரம் விடும், திரும்ப வரும். வரும்போதெல்லாம் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வார். முதலில் சாப்பிட்டது வாந்தியில் வந்தது, அப்புறம் பச்சையாக. வயிறு உப்பிக்கொண்டே போனது. காற்றுகூடப் பிரியவில்லை. பக்கத்து கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்ஜன் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி வயித்துல ஆபரேஷன் நடந்திருக்கா?"

பழைய ஆபரேஷனால் உள்ளே உண்டான ஒட்டு குடலை இறுக்கியதால் வந்த சிறுகுடல் அடைப்பு என்றார்கள். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டதும் பை நிறையப் பச்சைத் திரவம் இறங்கியது. வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, டிரிப்ஸ் மட்டும். பிறகு அதே டியூப் வழியாக எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். அது 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலை எட்டிவிட்டால் பெரும்பாலும் கத்தி வைக்காமலே அடைப்பு விட்டுவிடும் என்றார்கள். அம்மாவுக்கு எட்டியது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைத்தான் குற்றம் சொன்னார்கள். குடம் தூக்கினாய், பெல்ட் கட்டவில்லை, குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளித்தாய் என்று. அம்மாவும் நம்பிவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த ஒட்டு எதனால் வருகிறது என்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் அம்மா முன்னாலேயே கேட்டேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடலையும் வயிற்றுச் சுவரையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு ஆபரேஷனில் உரசினாலோ காய்ந்தாலோ, அங்கே ரத்தம் தேங்கினாலோ, ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரதம் அதன்மேல் பிசின் மாதிரி படியும். சில நாளில் உடம்பே அதைக் கரைத்துவிட வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் அது சரியாகக் கரையாது. நார் வளர்ந்து நிரந்தர ஒட்டாகிவிடும். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு, ஆனால் பெரும்பாலானோருக்குத் தொந்தரவே வராது. "நீங்க குடம் தூக்கினதால வரலைம்மா" என்றார். அம்மா இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

ஆக, தடுப்பதெல்லாம் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்குள்தான். எனக்குக் கர்ப்பப்பையில் இருந்த ஃபைப்ராய்டு கட்டியை எடுக்க வேண்டி வந்தபோது இதை மனதில் வைத்துத்தான் டாக்டரம்மாவிடம் பேசினேன். கர்ப்பப்பையில் தையல் போட்ட இடத்தில் குடலோ கருக்குழாயோ ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்; எனக்குக் குழந்தை ஆசை இருந்தது. வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியாக, லேப்ராஸ்கோப்பியில் முடியுமா, ஒட்டைத் தடுக்கும் ஷீட் வைப்பீர்களா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லேப்ராஸ்கோப்பியில் ஒட்டு குறையும், அடியோடு இல்லாமல் போகாது. எப்படிச் செய்தாலும் ரத்தக்கசிவை முழுக்க நிறுத்துவதும், திசுவை ஈரமாக வைப்பதும், பவுடர் இல்லாத கிளவுஸும் முக்கியம் என்றார். (பவுடர் கிளவுஸை அமெரிக்கா 2017 தொடக்கத்தில் தடையே செய்துவிட்டது, இந்த ஒட்டும் அதற்கு ஒரு காரணம்.) செல்லுலோஸ் ஷீட் உள்ளேயே கரைந்துவிடும், ஆனால் ரத்தம் கசியும் இடத்தில் வைத்தால் பலன் இல்லை, விலையும் தனி. வைக்கச் சொன்னேன்.

* * *

எனக்கு மூன்றும் சிசேரியன், அக்கா. மூன்றாவதில் மூத்திரப்பை கர்ப்பப்பையோடு ஒட்டியிருந்ததால் பிரித்தெடுக்கவே நேரமாகிவிட்டது. சிசேரியன் கூடக்கூட ஒட்டும் கூடும் என்றார்கள். இரண்டாவது ஆபரேஷன் நோட்ஸிலேயே ஒட்டு இருப்பதை எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தைக் காட்டியதால் டாக்டர் தயாராக இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிறுத்தாமல் ஆபரேஷன் நோட்ஸ் நகலும் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாதா என்றும் கேட்டேன். தொந்தரவு தராத ஒட்டைத் தொட மாட்டோம், பிரித்த இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்றார்.

* * *

நான் சர்ஜரி வார்டு நர்ஸ். நடந்தால் ஒட்டு வராது என்று வீட்டார் பேஷன்ட்டை விரட்டுவதை நிறையப் பார்க்கிறேன். நடக்கத்தான் வேண்டும், குடல் அசையும், காலில் ரத்தம் உறையாது. ஆனால் ஒட்டை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. விளக்கெண்ணெயும் ஒட்டைக் கரைக்காது. அடைப்பு நேரத்தில் பேதிக்குக் கொடுப்பது ஆபத்து. வலி விட்டு விட்டு வந்து, வாந்தி பச்சையாகி, வயிறு உப்பி, காற்றும் மலமும் நின்றால் ராத்திரி என்று பார்க்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். வலி விடாமல் நிலைத்துக் காய்ச்சலும் சேர்ந்தால் குடலுக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம், அப்போது ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. போனதும் பழைய தழும்பைக் காட்டுங்கள், இருபது வருடத்துக்கு முந்தையதானாலும்.