கொரோனா போன பிறகு நரம்பில் வந்த தொல்லைகள்: மதுரைப் பக்கம் உள்ளவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வண்டியூர்க்காரன்:
2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் சித்தப்பாவுக்குக் கொரோனா வந்து, வீட்டிலேயே தனியாக இருந்து சரியாகிவிட்டது. காய்ச்சல் விட்டு, வாய்க்கு ருசி வந்து, பட்டறையை எப்போது திறக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் வினையே ஆரம்பித்தது. முதலில் உள்ளங்கால் மதமதப்பு. ஒரு நாள் காலையில் வாசற்படி இறங்கும்போது இடது கால் செருப்பு கழன்றுவிட்டது, அது தெரியாமலே தெருமுனை வரை நடந்து போய்விட்டார், சித்தி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கப்புறம் கக்கூஸில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் உள்ளே இருந்து கதவைத் தட்டுகிறார்.

பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், "கொரோனா ஆளை உறிஞ்சிரும்யா, ஆட்டுக்கால் சூப் வச்சுக் குடுங்க." பக்கத்துக் கிளினிக்கில் சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். கை விரலிலும் மதமதப்பு ஏறிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினார், கால் துளிக்கூட ஆடவில்லை. இரண்டு காலிலும் தட்டிப் பார்த்துவிட்டு, உடனே பெட் போடச் சொன்னார். கில்லன் பாரே சிண்ட்ரோம் என்றார்கள். வைரஸை அடிக்கக் கிளம்பின எதிர்ப்பு சக்தி ஆள் மாறிப் போய் நம் நரம்பையே அடிக்கிறது, அதனால்தான் காய்ச்சல் போய் ஒன்றிரண்டு வாரம் கழித்து வருகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும், மூச்சுத் தசை வரை ஏறினால் வென்டிலேட்டர்தான்.

எனக்கு மறக்காதது அந்த முதல் ராத்திரி. சில மணி நேரத்துக்கு ஒருதரம் நர்ஸ் வந்து, மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். சித்தப்பா முதலில் முப்பதைத் தாண்டினார். விடியும்போது இருபத்தைந்திலேயே திணறல். இருபதுக்குக் கீழே இறங்கினால் ஐசியூ என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள், நான் கட்டில் ஓரத்தில் நின்று வாய்க்குள்ளேயே கூட எண்ணிக்கொண்டிருந்தேன். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள், புரதம் கூடியிருந்தது, செல்கள் சாதாரணம், அதுதான் இந்த நோயின் அடையாளமாம். பிறகு இம்யூனோகுளோபுலின் ஊசி: உடம்பு எடையில் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், அதை 5 நாளாகப் பிரித்து ஏற்றினார்கள். வெளியே வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும் மருந்து. இருபதுக்குக் கீழே இறங்கவில்லை, பிழைத்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் போன பிறகு இப்படி நரம்பில் ஏதாவது வந்ததா?

மாட்டுத்தாவணி பூக்கடை:
அண்ணே, எனக்கு 2020லேயே வாசனை போச்சு. மூக்கடைப்பு எதுவும் இல்லை, சுத்தமாக வாசனை மட்டும் இல்லை. மல்லி வியாபாரிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று சொந்தக்காரர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள், உண்மையில் வியாபாரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காலையில் நாங்கள் வாங்குவது மொட்டு. மொட்டு மணக்காது, சாயங்காலம் இதழ் விரியும்போதுதான் மணம் வரும். கையில் அள்ளிப் பார்த்து, திரட்சியும் காம்பின் நீளமும் வெள்ளையும் பார்த்து விலை சொல்வதுதான் தொழில். கஷ்டம் வீட்டில்தான். பால் அடிப்பிடித்துக் கருகி, பக்கத்து வீட்டு மதினி ஓடி வந்து அடுப்பை அணைத்தார், நான் அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்!

சில மாதம் கழித்து வாசனை திரும்பியது, ஆனால் தாறுமாறாக. காபி டயர் எரிந்த வாடை. வெங்காயம் தாளித்தால் குமட்டல். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போது நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கினார்: வைரஸ் வாசனை நரம்பை நேரடியாகப் பிடிப்பது குறைவு, அந்த நரம்பைச் சுற்றித் தாங்கி நிற்கும் செல்களில்தான் அது ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் இருக்கிறது, அந்தச் செல்கள் சேதமானால் நரம்பும் வேலை செய்யாது. புதிதாக வளரும் இழைகள் சரியாக இணையாத வரைக்கும் இந்தத் தாறுமாறு வாசனை இருக்குமாம்.

மருந்து எழுதவில்லை, பயிற்சிதான் கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம், நாலையும் காலையிலும் ராத்திரியும் கொஞ்ச நேரம் முகர வேண்டும், முகரும்போது அதன் மணத்தை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும், மூன்று மாதமாவது விடக்கூடாது. ஜெர்மனியில் 2009லேயே சோதித்துப் பார்த்த முறையாம். எனக்குப் பன்னீர் ரோஜா கடையிலேயே கிடைக்கும். கிராம்பு முதலில் வந்தது. காபி இன்னும் முழுசாக வரவில்லை, டீக்கு மாறிவிட்டேன்.

உசிலம்பட்டி பேரன்:
எங்கள் அப்பத்தாவுக்குக் காய்ச்சலே இல்லை, இருமலும் இல்லை. ஒரு ராத்திரி திடீரென்று எழுந்து, செத்துப்போன தாத்தாவிடம் பேசுகிறார், சேலையை உருவுகிறார், என்னையே யாருடா நீ என்கிறார். காத்துக் கருப்பு அடிச்சிருச்சு, பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று ஊரில் ஒரே பேச்சு. கும்பிட்டுக்கொள்வது கும்பிட்டுக்கொள்ளட்டும் என்று, பெரியப்பா மகன் எங்கேயோ கேட்டு ஒரு ஆக்ஸிமீட்டர் வாங்கி வந்து விரலில் மாட்டினான், ஆக்சிஜன் 82 சதவீதம்தான் காட்டியது. ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். வயதானவர்களுக்குக் கொரோனாவின் முதல் அறிகுறியே இந்தக் குழப்பமாக இருக்கலாம் என்று வார்டில் சொன்னார்கள். அந்த ராத்திரி பற்றி அப்பத்தாவுக்கு இன்றைக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை, சொன்னால் எங்களைத்தான் திட்டுகிறார்.

மேலூர் டீச்சர்:
எனக்கு வந்ததை வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். 2022 ஜனவரியில் லேசாகத்தான் வந்தது. திரும்ப வகுப்புக்குப் போனால், போர்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினால் அடுத்த வரி மண்டையில் இல்லை. நான் பல வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு எடுக்கும் இருபடிச் சமன்பாடு! அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் இரண்டும் போச்சு. வயசு, தூக்கமில்லை, மாதவிடாய் நிற்கும் காலம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தைராய்டு, பி12, ஸ்கேன் எல்லாம் நார்மல். நார்மல் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, எனக்குத்தான் எரிச்சல்.

பிறகு வேறொரு டாக்டர் சொன்னார், தொற்று வந்து 3 மாதத்துக்குப் பிறகும் இருந்து, குறைந்தது 2 மாதம் நீடித்து, வேறு காரணமும் கிடைக்கவில்லை என்றால் அது கொரோனாவுக்குப் பிந்தைய நிலை, உலக சுகாதார நிறுவனமே 2021 அக்டோபரில் வரையறுத்திருக்கிறது என்று. இங்கிலாந்தில் 785 பேருக்கு இரண்டு தடவை எடுத்த மூளை ஸ்கேனை ஒப்பிட்டிருக்கிறார்கள், அவர்களில் 401 பேருக்கு இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் கொரோனா வந்திருந்தது, 2022ல் நேச்சர் இதழில் வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு லேசான நோய்தான், அப்படியும் வாசனை சம்பந்தப்பட்ட பகுதிகளில் சாம்பல் நிறத் திசு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. அந்த வித்தியாசம் 0.2 முதல் 2 சதவீதம், அதுவும் சராசரிதான், படித்துவிட்டு யாரும் பயந்து சாக வேண்டாம். எனக்கு உதவியது, களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவது. முதல் பீரியடில் கணக்கு, மதியத்துக்கு மேல் நோட்டுத் திருத்துவதோடு சரி. இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது.

திருமங்கலம் பிசியோ:
இரண்டாம் அலைக்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில் பலருக்கு வேறொரு பிரச்சினை. வெளித்தொடையில் எரிச்சல், தொட்டால் மரத்த மாதிரி, கைலி உரசினால்கூடத் தாங்காது. ஆக்சிஜன் ஏறுவதற்காக மணிக்கணக்கில் குப்புறப் படுக்க வைத்தோம் அல்லவா, அப்போது இடுப்பெலும்பு ஓரத்தில் போகும் நரம்பு நசுங்கியது. இதை வைரஸ் செய்யவில்லை, மூச்சைக் காப்பாற்றக் கொடுத்த விலை. பெரும்பாலும் தானாகக் குறையும், பெல்ட்டையும் அரைஞாணையும் தளர்த்தச் சொல்வேன். நீண்ட நாள் ஐசியூவில் கிடந்தவர்களுக்குக் கை கால் நரம்பும் தசையும் சேர்ந்து பலவீனமாவது தனிக் கதை. சர்க்கரை உள்ளவர்கள் எல்லாவற்றையும் சர்க்கரை நரம்பு என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை மதமதப்பு வருஷக் கணக்கில் ஊர்ந்து வரும். வண்டியூர்க்காரர் சித்தப்பாவுக்கு வந்தது போல நாள் கணக்கில் ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாய் கோணுவது, ஒரு பக்கம் கை விழுவது என்றால் மணிக்கணக்கு, அது ரத்தக் கட்டியால் வரும் பக்கவாதமாக இருக்கலாம், கொரோனா ரத்தத்தை உறையவிடும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

ஆட்டுப்பண்ணை, வாடிப்பட்டி:
கேள்விப்பட்டது ஒன்று. எலிகளுக்கு வரும் கொரோனா ஒன்று மூளையையும் நரம்பு உறையையும் தாக்குவதை 1949லேயே கண்டுபிடித்துவிட்டார்களாம், பூனைக்கு வரும் கொரோனாவும் சில சமயம் மூளைக்குப் போகும் என்று எங்கள் கால்நடை டாக்டர் சொன்னார். இந்தக் குடும்பத்துக்கே நரம்புப் பக்கம் ஒரு கண் இருக்கிறது.

மாட்டுத்தாவணி பூக்கடை:
வண்டியூர் அண்ணே, சித்தப்பா இப்போ எப்படி இருக்கார்? அவருக்குத் தடுப்பூசி போட்டீங்களா, பயமாக இருக்குமே?

வண்டியூர்க்காரன்:
பட்டறைக்குப் போகிறார் தம்பி. ஸ்பேனர் பிடிக்கிறார், பாதத்தில் மட்டும் மதமதப்பு மிச்சம், பைக் கியர் போடும்போது கீழே குனிந்து பார்த்துக்கொள்வார். ஊசி பற்றி நரம்பு டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்தோம். கோவிஷீல்டு மாதிரி, அடினோவைரஸ் என்ற வேறொரு வைரஸை வைத்துச் செய்த ஊசிக்குப் பிறகு ரொம்ப அபூர்வமாக இதே நோய் பதிவாகியிருக்கிறது, அதனால் கோவாக்சின் போடலாம் என்றார். உடம்பு நன்றாகத் தேறிய பிறகு போட்டார், ஒரு நாள் கைவலி, அவ்வளவுதான். யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், எந்த ஊசி போடப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.