சூதாட்ட ஊர் என்கிறார்கள், அம்மாவை மக்காவ் கூட்டிப் போகலாமா?

தெற்குவாடி_பாம்பன் எழுதியது:

தம்பி ஹாங்காங்கில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் அம்மாவையும் என்னையும் பத்து நாள் வந்து தங்கச் சொல்லியிருக்கிறான். ஒருநாள் மக்காவ் போய் வரலாம், பக்கம்தான் என்கிறான். அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா நல்ல மண்டாடி, படகை நடத்திப் போகும் தலைவர். ஒரு நாட்டுப் படகில் பாதிப் பங்கும் வைத்திருந்தார். எல்லாம் லாட்டரிச் சீட்டில் போனது. 2003 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது எங்கள் வீட்டில் விற்பதற்கு எதுவும் மிச்சமில்லை, அம்மாவின் தாலிக்கொடி உட்பட. அப்புறம் கருவாடு காயவைத்து விற்றுத்தான் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். நான் மூத்தவள், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தம்பிக்கு அப்போது மூன்று வயது.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஆடாதவர்களுக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது? அம்மாவின் மனசு நோகாமல் ஒருநாள் கழியுமா?

தங்கச்சிமடம்_மோட்டார்மேன் எழுதியது:

தங்கச்சி, தாராளமாகக் கூட்டிப் போங்கள். நான் சரக்குக் கப்பலில் பதினெட்டு வருடமாக மோட்டார்மேன், என்ஜின் அறையில் வேலை. 2024 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து ஹாங்காங்கில் இறங்கினேன், ஊர் திரும்ப நான்கு நாள் இருந்தது. அதில் ஒன்றரை நாள் மக்காவில் கழித்தேன். சூது பார்க்கத்தான் போனேன், ஆனால் மனசில் நின்றது வேறு.

ஹாங்காங்கிலிருந்து பாலத்தில் பஸ் போகிறது. 2018இல் திறந்தது, சுரங்கத்தையும் சேர்த்து 55 கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். பாம்பன்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பாலத்தில் கப்பல் வந்தால் நடுத்தூக்கு மேலே போகிறது. முன்பு ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்தார்கள், 2025இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் தூக்கு அப்படியே செங்குத்தாக ஏறுகிறது. அங்கே தலைகீழ். கப்பல் போக வழிவிட்டு, ரோடு கடலுக்கு அடியில் இறங்கிவிடுகிறது. நடுக்கடலில் ஒரு தீவைக் கட்டி, அதிலிருந்து 6.7 கிலோமீட்டர் சுரங்கத்தில் போய், இன்னொரு கட்டிய தீவில் ஏறுகிறது. அம்மாவை ஜன்னல் ஓரத்தில் உட்கார வையுங்கள்.

ஊருக்குள் போனதும் முதலில் ஆ-மா கோவில். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மக்காவ் என்ற பெயரே ஆ-மா-காவ், அதாவது ஆ-மாவின் விரிகுடா என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். ஆ-மா யார் தெரியுமா? கடலோடிகளின் தாய். ஓர் ஏழைப் பெண் கப்பல் துறையில் நின்று தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறாள். பெரிய பெரிய பாய்மரக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. ஒரு ஏழை மீனவன் தன் சின்னப் படகில் ஏற்றிக்கொள்கிறான். நடுவழியில் புயல். மற்ற படகெல்லாம் மூழ்கிவிட்டன, அவன் படகு மட்டும் கரை சேர்ந்தது. இறங்கியதும் அவள் மறைந்துவிட்டாள். அந்த இடத்தில் மீனவர்கள் கட்டிய கோவில் அது.

மலைச்சரிவில் பாறையோடு பாறையாக இருக்கிறது. வாசல் பக்கம் ஒரு பெரிய பாறையில் பாய்மரக் கப்பலைச் செதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள். கூரையிலிருந்து கூம்பு கூம்பாகச் சுருள் ஊதுபத்தி தொங்குகிறது, நாள்கணக்கில் எரியும். என் பக்கத்தில் ஒரு கிழவி நெற்றியில் கையை வைத்து நின்றாள். புயல் எச்சரிக்கை ஏறிய ராத்திரியில் எங்கள் அம்மா வேர்க்காடு சந்தியாகப்பர் கோவில் வாசலில் நின்ற அதே நிற்பு. நான் கிறிஸ்தவன்தான், இருந்தாலும் ஒரு ஊதுபத்தி வாங்கி வைத்தேன். கடலில் இருக்கிறவனுக்காக ஒரு பெண் கும்பிடுவது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அடுத்து செயின்ட் பால் ஆலயத்தின் முகப்பு. 1835இல் தீப்பிடித்து ஆலயம் போய்விட்டது, முன்சுவர் மட்டும் தனியாக நிற்கிறது. அந்தச் சுவரிலும் மாதாவும் கப்பலும் இருக்கிறார்கள். செயின்ட் ஜோசப் செமினரி ஆலயத்தில் நம் சவேரியாரின் கை எலும்பை வைத்திருக்கிறார்கள். 1542லிருந்து முத்துக்குளித்துறையில் மணலில் நடந்தவர், 1552இல் மக்காவுக்குத் தென்மேற்கே ஒரு தீவில் சீனாவுக்குள் போகக் காத்திருந்தபடியே இறந்தார். அவர் நம் கரைக்குத் தலைவராக வைத்துவிட்டுப் போன அந்தோணி கிரிமினாலி சுவாமியார்தான் 1549இல் வேதாளையில் கொல்லப்பட்டவர். மண்டபத்துக்குப் பக்கத்தில் நடந்ததையும் சீனக் கரையில் நடந்ததையும் ஒரே ஆலயத்தில் நின்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சூதாட்ட மண்டபமும் பார்த்தேன். 21 வயது ஆனால் உள்ளே விடுவார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. ஜன்னல் கிடையாது, வெளியே பகலா இரவா என்று தெரியாது. சத்தமே இல்லாமல் ஆடுகிறார்கள். அது எனக்கு எதிர்பாராதது. திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், மருத்துவமனையில் டோக்கன் எடுத்துக் காத்திருப்பவர்களின் முகம்தான் அங்கே இருந்தது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அம்மாவை அதற்குள் கூட்டிப் போகவே வேண்டாம்.

பெரிய ஓட்டல் ஒன்றில் கட்டடத்துக்குள்ளேயே கால்வாய் வெட்டிப் படகு விடுகிறார்கள், மேலே வானம் போலப் பெயிண்ட். பேரப்பிள்ளைகள் இருந்தால் பார்க்கலாம். எனக்கு ஒட்டவில்லை, அந்தத் தண்ணீருக்கு வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை, வாடையும் இல்லை. அதற்குப் பதிலாக கோலோவான் கிராமத்துக்குப் போங்கள். அங்கே துறைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை இருக்கிறது. உங்கள் அம்மா கையில் எடுத்துப் பார்த்து உப்பு கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார்.

கீழக்கரை_கல்வியாபாரம் எழுதியது:

அக்கா, நான் ஹாங்காங்கில் ஆறு வருடமாக ரத்தினக் கல் வியாபாரத்தில் இருக்கிறேன். அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மக்காவில் விசா வேண்டாம், 30 நாள் தருவார்கள். ஹாங்காங் வருவதற்குத்தான் ஊரிலேயே ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். அங்கே பணம் பட்டாக்கா, ஆனால் ஹாங்காங் டாலரை எல்லாக் கடையிலும் வாங்குவார்கள். பட்டாக்காவாக மாற்றி மிச்சம் வைத்தால் திரும்பி வந்து செலவழிக்க முடியாது. என் உம்மா வந்தபோது பள்ளிவாசலுக்கும் போனோம், நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் அமைதியான இடம்.

பஸ் கட்டணம் நான் கடைசியாகப் போனபோது பகலில் 65 ஹாங்காங் டாலர். ஓட்டல்காரர்களின் இலவச பஸ்ஸும் எல்லையிலேயே நிற்கும். ஆடாதவர்களும் ஏறலாம், யாரும் கேட்பதில்லை.

தொண்டி_பழையவன் எழுதியது:

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே அம்மா. தம்பியைக் கவனி.

நான் 2012இல் அங்கே இரண்டு ராத்திரியில் எட்டு மாதச் சேமிப்பை விட்டவன். பக்காரா என்ற சீட்டாட்டம். மேசையில் இரண்டே பக்கம், பேங்கர், பிளேயர். எந்தப் பக்கச் சீட்டு 9க்கு அருகில் வருகிறதோ அது வெல்லும். பேங்கர் பக்கம் வென்றால் 5 சதவீதம் கழித்துத் தருவார்கள். அதையும் கணக்கில் சேர்த்தாலும் நூறு ரூபாய்க்குச் சராசரியாக ஒரு ரூபாய்தான் அவர்களுக்குப் போகிறது. அந்த ஒரு ரூபாயில்தான் ஏமாந்தேன். மணிக்கு எழுபது ஆட்டம் நடக்கும். அதே நூறு ரூபாய் எழுபது முறை மேசைக்குப் போய் வந்தால் ஏழாயிரம் ஆகிறது. ஒரு ரூபாய் எழுபது ரூபாய் ஆகிவிடுகிறது, விட்டதைப் பிடிக்க நாமே பந்தயத்தையும் ஏற்றுகிறோம்.

மேசைக்கு மேல் திரையில் முந்தைய ஆட்டங்களைச் சிவப்பு, நீலப் புள்ளியாகக் காட்டுவார்கள். காற்றைப் பார்த்து வலை போட்ட குடும்பத்தில் பிறந்தவன் நான். அதையும் நீரோட்டம் மாதிரி படித்துவிடலாம் என்று நம்பினேன். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

பக்கத்துத் தெருக்களில் அடகுக்கடை பார்ப்பாய், கண்ணாடிக்குள் வரிசையாகக் கைக்கடிகாரம். ஒவ்வொன்றும் ஒருவன் கையிலிருந்து கழற்றியது. இன்னொன்று. அங்கே சூதாட்ட மண்டபத்தில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்கள் வேலை நேரம் போக உள்ளே நுழைய 2019 டிசம்பரிலிருந்து சட்டமே தடை. அரசு ஊழியர்களுக்கு அதற்கு முன்பே தடை. சீனப் புத்தாண்டில் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. நடத்துகிறவர்களே தங்கள் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.

தம்பிக்கு அங்கே என்ன பழக்கம் என்று நேராகக் கேள். கோபப்படாமல் கேள்.

தெற்குவாடி_பாம்பன் எழுதியது:

நேற்று ராத்திரி தம்பியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், கூட வேலை செய்பவர்களோடு ஒரே ஒருமுறை போனதாகவும், 800 டாலர் விட்டதாகவும் சொன்னான். அப்பாவைப் பற்றி அவனுக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. நேற்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினோம். பெரியவருக்கு மிகவும் நன்றி.

அம்மாவிடம் ஆ-மா கதையைப் படித்துக் காட்டினேன். மீன் அறுத்துக்கொண்டே கேட்டார். அந்த ஏழைப் படகுக்காரன் பேர் என்ன என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. பிறகு அவராகவே, கோவில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றார்.

தங்கச்சிமடம்_மோட்டார்மேன் எழுதியது:

காலை 7 மணிக்குத் திறந்து மாலை 6க்கு மூடுகிறார்கள், தங்கச்சி. படகுக்காரன் பேர் நான் கேட்ட கதையிலும் இல்லை. முதல் பஸ்ஸில் கிளம்பி நேராகக் கோவிலுக்குப் போய்விடுங்கள், கூட்டம் வருவதற்கு முன்னால்.