குழித்துறை ஆற்றுத் தண்ணீர்: எதையெல்லாம் சோதிக்கக் கொடுப்பது?

ஆற்றோரம் (திருவட்டார் பக்கம்):
வணக்கம். கோதையாறும் பரளியாறும் சேர்கிற மூவாற்றுமுகத்துக்குக் கீழே எங்கள் படித்துறை. கோடை முடியும் நேரத்தில் கரையோரத் தண்ணீரில் ஒரு புளித்த நாற்றம். குளித்து வரும் பிள்ளைகளுக்குச் சொறி. ஊர் இளைஞர்கள் பணம் சேர்த்து, தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்று ஒரு ஆய்வகத்தில் கேட்டோம். ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஃபுளோரைடு, பூச்சிமருந்து என்று நீளமான பட்டியல் தந்தார்கள். எங்களிடம் இருக்கும் பணத்துக்கு அதை ஒரு முறைதான் செய்ய முடியும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

மீன்கொத்தி:
ஒரு தடவை முழுப் பட்டியலையும் செய்துவிடுங்கள். பாதரசம் இல்லை என்று தெரிந்தாலே நிம்மதிதானே.

பரளியாறு:
ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆறு ஓடிக்கொண்டே இருப்பது. ஒரு நாள் எடுத்த ஒரு புட்டித் தண்ணீர் அந்த ஒரு நாளைத்தான் சொல்லும். குறைவாகச் சோதியுங்கள், ஆனால் திரும்பத் திரும்பச் சோதியுங்கள். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லுங்கள் தம்பி: அந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்களா, குளிக்க மட்டுமா? படித்துறைக்கு மேலே ஆற்றில் என்னவெல்லாம் வந்து சேருகிறது?

ஆற்றோரம்:
குளிக்க, துவைக்க மட்டும்தான் அக்கா. ஆடி அமாவாசைக்கு வாவுபலி (முன்னோருக்குப் பலி கொடுக்கும் சடங்கு) நேரத்தில் குழித்துறையில் ஏராளமான பேர் முங்குவார்கள், அதையும் நினைத்துத்தான் கேட்கிறோம். மேலே ரப்பர் தோட்டம், ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற இடங்கள், வாழைத் தோட்டம், வீடுகளின் சாக்கடை வரும் ஒரு ஓடை.

பரளியாறு:
அப்படியானால் பட்டியல் ரொம்பச் சுருங்கிவிடும். குளிக்கிற ஆற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவுகோலே போதும்: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஓடி (அழுக்கைச் சிதைக்க கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில். மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிக்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2500-க்கு மேல் போகவே கூடாது. இவற்றோடு அம்மோனியாவைச் சேருங்கள்.

அம்மோனியா ஏன் என்றால், ரப்பர் பால் உறையாமல் இருக்க அதைச் சேர்ப்பார்கள். ஷீட்டுக்கு உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். ஷீட் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கும், அது தேங்கி அழுகினால் நீங்கள் சொல்லும் அந்த நாற்றம் வரும், ஆக்சிஜன் இறங்கும். ஆனால் சாக்கடையிலும் அம்மோனியா உண்டு. அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். அம்மோனியாவும் கோலிஃபார்மும் சேர்ந்து ஏறினால் முதலில் சாக்கடையைச் சந்தேகப்படுங்கள். அம்மோனியாவும் பிஓடியும் ஏறி, பிஎச் இறங்கி, கோலிஃபார்ம் மட்டும் குறைவாக இருந்தால் ஷீட் கழிவைப் பார்க்க வேண்டும். ஆற்று நடுவில் எடுத்தால் கலந்துபோய் ஒன்றும் பிடிபடாது. ஓடை சேருமிடத்துக்கு மேலே ஒன்று, கொஞ்சம் கீழே ஒன்று, படித்துறையில் ஒன்று எடுங்கள்.

சொறிக்கு இந்தச் சோதனை எதுவும் நேரடியாகப் பதில் சொல்லாது. பிள்ளைகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரப்பர்தோட்டம்:
தாமிரத்தை விட்டுவிட்டீர்களே? ரப்பர் மரத்து இலையுதிர்வு நோய்க்கு மழைக்கு முன்னால் தாமிரம் உள்ள மருந்துகளான போர்டோ கலவையும் காப்பர் ஆக்சிகுளோரைடும் அடிக்கிறோம். தென்மேற்குப் பருவமழையின் முதல் வெள்ளத்தில் அது ஆற்றுக்குத்தான் இறங்கும்.

பரளியாறு:
நல்ல குறிப்பு அண்ணா. பணம் மிஞ்சினால் தாமிரத்தை ஜூனில் முதல் நல்ல மழைக்குப் பின் ஒரு முறை பாருங்கள், கரைச் சேற்றிலும் சேர்த்து. மருந்து அடிக்காத மாதத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுதினால் அது ஊருக்குத் தப்பான தைரியம் கொடுக்கும். வாழை மருந்துகளும் அப்படித்தான். எந்த மருந்து அடித்தார்கள் என்று பேர் தெரிந்தால் அதை மட்டும் கேளுங்கள்.

மீன்கொத்தி:
மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறதே, கதிர்வீச்சு?

பரளியாறு:
அது கடற்கரைக் கனிம மணல். அதில் தோரியம் இருக்கும் கனிமமான மோனசைட் தண்ணீரில் எளிதில் கரையாது. உங்கள் படித்துறைக் கேள்விக்கு அது முதல் வரிசையில் வராது.

ஆற்றோரம்:
சரி அக்கா. தண்ணீரை நாங்களே எடுத்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் கொண்டு வந்தால் போதுமா?

பரளியாறு:
கொண்டு வரலாம். கோலிஃபார்முக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டி மட்டும்தான், புட்டியின் வாயைக் கையால் தொடாதீர்கள், ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். கரைந்த ஆக்சிஜனுக்கு இரண்டு மருந்துத் திரவம் கொடுப்பார்கள், அதைக் கரையிலேயே, காற்றுக் குமிழி இல்லாமல் நிறைத்த புட்டியில் விட வேண்டும். விடியற்காலையில் எடுங்கள், ஆக்சிஜன் அப்போதுதான் மிகக் குறைந்திருக்கும். பிஓடிக்கு 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்பார்கள், அதனால் ஆய்வகத்தில் நாளைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எடுத்த இடம், நேரம், முந்தின நாள் மழை, அன்று ஷீட் அடித்தார்களா, நாற்றம் இருந்ததா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆற்றோரம்:
மே மாதம் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் ஒன்று என்று வைத்துக்கொள்கிறோம். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.