தட்டட்டியில் இரண்டு ஆன்டெனா: திருநெல்வேலிக்குச் சொந்த டிவி இருந்ததா?

பெருமாள்புரம் பையன்:

தாத்தா வீட்டுத் தட்டட்டி (மொட்டை மாடி) ஒழுகுகிறது என்று கொத்தனாரை ஏற்றினோம். அவர் முதலில் கேட்டது, “இந்தக் கம்பியைப் பிடுங்கிரட்டுமா?” ஒரே இரும்புக் குழாயில் மேலும் கீழுமாக இரண்டு அலுமினிய ஆன்டெனா. மேலே இருக்கும் பெரியது கங்கைகொண்டான் பக்கம், நேர் வடக்கே பார்க்கிறது. கீழே உள்ளது வேறு திசை. தாத்தா இப்போது இல்லை. ஆச்சியிடம் கேட்டால் “ஒண்ணு நம்ம டிவி, இன்னொண்ணு சிலோன் டிவி” என்கிறாள். கூடவே, “தேரோட்டத்தை நம்மூர் டிவியிலே பார்ப்போமே” என்றும் சொன்னாள்.

திருநெல்வேலி வானொலி 1963-லிருந்து இருப்பது தெரியும். டிவி நிலையமும் இருந்ததா? இல்லை, ஆச்சி எல்லாவற்றையும் சேர்த்துக் குழப்புகிறாளா?

உடன்குடி கருப்பட்டி:

ஆச்சி குழப்பவில்லை. எங்கள் கடற்கரைப் பக்கம் பல வீடுகளில் முதலில் தெரிந்த டிவியே ரூபவாஹினிதான். சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கிவிட்டது, சரி. ஆனால் சென்னை எங்கே, உடன்குடி எங்கே? இலங்கைக்காரர்கள் 1982 பிப்ரவரியில் ரூபவாஹினியைத் தொடங்கினார்கள். நடுவில் மலை கிடையாது, வெறும் கடல். சிங்களத்தில் ஒரு எழுத்து தெரியாது, ஆனாலும் செய்தி முடிகிறவரை உட்கார்ந்திருப்போம், அடுத்து தமிழில் ஏதாவது வரும் என்று.

1996 உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதியில் கல்கத்தாவில் இலங்கையிடம் நாம் தோற்ற கோபத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இறுதிப் போட்டிக்கு வரவில்லை. நான் பார்த்தேன், ரூபவாஹினியில்தான். அர்ஜுன ரணதுங்க கோப்பையை வாங்கியபோது எங்கள் சித்தப்பா மட்டும் கைதட்டினார். அவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர்.

பழைய கேபிள்காரன்:

தம்பி, முதலில் கொத்தனாரை நிறுத்தச் சொல்லும். அது நல்ல ஜி.ஐ. குழாய்.

நான் 1985-ல் பாளையங்கோட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். அப்புறம் ஆன்டெனா கட்டினேன், அப்புறம் கேபிள். அதனால் உம் தட்டட்டியைப் பார்க்காமலே சொல்லுவேன். வடக்கே பார்ப்பது கொடைக்கானலுக்கு. அங்கே டவர் வந்த பிறகுதான் தென்மாவட்டங்களில் தமிழ் நிகழ்ச்சி ஒழுங்காகத் தெரிந்தது. பாளையிலிருந்து நேர்க்கோட்டில் 160 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் எப்படி வந்தது என்றால், டவர் நிற்கும் ஊர் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. டிவி அலை நேராகத்தான் போகும். உயரத்திலிருந்து விட்டால் பூமியின் வளைவு மறைக்கும் முன்னால் நம்மூரைத் தொட்டுவிடும். ஆனாலும் களைத்துத்தான் வந்து சேரும். அதற்குத்தான் குழாய் உச்சியில் பூஸ்டர்.

இன்னொன்று தென்கிழக்கே, திருச்செந்தூர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ரூபவாஹினியின் பெரிய டவர் பிதுருதலாகலை மலையில், 2,524 மீட்டர் உயரத்தில். அந்த உயரம்கூட உடன்குடிக்கே போதாது. கடலுக்கு மேலே சூடான காற்று ஒரு மூடி மாதிரி படுத்துக்கொள்ளும் நாட்களில், அலை அதற்கு அடியிலேயே வழுக்கிக்கொண்டு இங்கே வந்துவிடும். அதனால்தான் ஒரு நாள் கண்ணாடி மாதிரி இருக்கும், மறுநாள் ஒரே ஈ மொய்க்கும். வாடிக்கையாளர் என்னைத் திட்டுவார். நான் என்ன செய்ய, கடலையா திருப்ப முடியும்?

ஆன்டெனா திருப்புவதற்கு மூன்று பேர் வேண்டும். நான் தட்டட்டியில், ஒரு பொடியன் ஜன்னல் பக்கம், வீட்டுக்காரர் டிவி முன்னால். “வந்துட்டு!” “போயிட்டு!” “அண்ணாச்சி, இப்பம் இருந்த இடத்துக்கே கொண்டு வாங்க!” இருந்த இடம் எது என்று யாருக்குத் தெரியும்? 1987, 88-ல் ராமாயணம் ஓடியபோது எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பயம். காலையில் தொடர் ஆரம்பிக்கும் முன்னால் நாலு வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்கும்.

உம் கேள்விக்கு வருகிறேன். கொடைக்கானலில் இருந்து வந்தது சென்னை நிகழ்ச்சி, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தது கொழும்பு நிகழ்ச்சி. திருநெல்வேலிக்காரன் முகம் திருநெல்வேலி டிவியில் தெரிந்தது கேபிள் வந்த பிறகுதான். ஆச்சி சொல்லும் “நம்மூர் டிவி” எங்களை மாதிரி ஆட்கள் நடத்தியது.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது ஒரு டெக், ஒரு மாடுலேட்டர், மாடி மாடியாக இழுத்த கருப்பு வயர். டெக்கில் காசட்டைப் போட்டால் மாடுலேட்டர் அதை ஒரு சேனல் ஆக்கி வயரில் ஏற்றும். மத்தியானம் ஒரு படம், ராத்திரி ஒரு படம். 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்ததும் 12 அடி டிஷ் வைத்தோம். அன்றைக்கு அது சில மணி நேரம்தான் ஓடும். மீதி நேரத்துக்கு எங்கள் சேனல்தான். பிறந்தநாள் வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம், காணாமல் போன பசு மாடு, கீழே ஓடும் எழுத்தில் நாளைய கரண்ட் கட் எல்லாம் போட்டிருக்கிறோம். 1995-ல் கேபிள் சட்டம் வந்த பிறகு தலைமைத் தபால் நிலையத்தில் வருஷா வருஷம் 500 ரூபாய் கட்டிப் பதிய வேண்டியிருந்தது. டிவிக்காரன் ஏன் தபாலாபீசுக்குப் போகிறான் என்று வீட்டில் கேட்பார்கள்.

ஆனித் தேரோட்டத்துக்கு “நேரடி ஒளிபரப்பு” என்று போர்டு எழுதி வைப்போம். உள்ளது என்னவென்றால், வாகையடி முக்கில் ஒருவன் கேமராவில் பிடிப்பான், இன்னொருவன் காசட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் கண்ட்ரோல் ரூமுக்கு வருவான். கூட்டத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் தாமதம். ரத வீதியிலேயே குடியிருந்த ஒரு பாட்டி, தேர் வாசலைத் தாண்டிப் போன பிறகு டிவியில் அது வருவதைப் பார்த்துவிட்டு, நெல்லையப்பர் திரும்பி வருகிறார் என்று மறுபடியும் கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாளாம். காசட் கொண்டுவந்த பையன் சொன்னது. அவன் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுகிற ஆள்.

டவுன் வாசி:

அண்ணாச்சி, அந்தக் காசட்டெல்லாம் இருக்கிறதா? குறிப்பாக 1992 நவம்பர் வெள்ளம்?

பழைய கேபிள்காரன்:

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். நவம்பர் 13 தாமிரபரணி வந்த வரத்து. மறுநாள் சுலோசன முதலியார் பாலத்தில் நின்று எடுத்தோம். தண்ணீர் செம்மண் நிறம், நடுவில் ஒரு வைக்கோல் படப்பு முழுசாக மிதந்து போனது, அதன் உச்சியில் இரண்டு கோழி. சுமார் 40 நிமிஷம் பிடித்தது. ஒரு வாரம் தினமும் போட்டோம். பொங்கலுக்கு ஒரு கல்யாண வீட்டார் வீடியோ கேட்டார்கள், புதுக் காசட் வாங்கக் கையில் காசில்லை. வெள்ளத்துக்கு மேலேயே கல்யாணத்தை ஏற்றிவிட்டேன். இன்றைக்கும் அந்த வீட்டில் காசட் இருந்தால், தாம்பூலம் முடிந்து கடைசியில் இரண்டு நிமிஷம் ஆறு ஓடும்.

தேரோட்டமும் அப்படித்தான். ஒரே காசட்டில் நாலு வருஷத் தேர்.

அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று வந்ததும் என் மாதிரிச் சின்ன ஆட்களுக்குக் கணக்கு உதைத்தது. நான் இணைப்புகளைக் கைமாற்றிவிட்டேன். மாடுலேட்டர் மட்டும் பரணில் கிடக்கிறது.

பெருமாள்புரம் பையன்:

அண்ணாச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் போனில் திசைகாட்டியோடு மேலே ஏறினேன். கீழே உள்ள ஆன்டெனா தென்கிழக்கே பார்க்கவில்லை. மேற்கே, பொதிகை மலையைப் பார்த்து நிற்கிறது! ஒருவேளை தாத்தா திருவனந்தபுரம் எடுக்க முயன்றாரோ? ஆச்சியிடம் கேட்டால் “அவாளுக்கு மலையாளம் எங்க தெரியும்?” என்கிறாள்.

பழைய கேபிள்காரன்:

நாகர்கோவிலில் திருவனந்தபுரம் எடுக்கும். இங்கே அந்த மலையே மறைக்குமே. அதன் பெயரைத்தான் தூர்தர்ஷன் தமிழ்ச் சேனலுக்கு வைத்திருந்தார்கள், 2024-ல் டிடி தமிழ் என்று மாற்றுகிறவரை.

உம் தாத்தா ஒன்றும் செய்யவில்லை. கிளாம்ப் லூசாகியிருக்கும், ஆடிக் காற்று திருப்பியிருக்கும். ஒவ்வொரு ஆடியிலும் எனக்கு அதில்தான் வரும்படி. 13-ம் நம்பர் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு ஏறும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினால் அசையும்.