விமான நேரம் மாறிவிட்டது, கப்பலைப் பிடிக்க முடியுமா? (சிவிடவெக்கியா)

அம்மாவோடு போகும் முதல் குரூஸ். இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. காலை 9 மணிக்கு ரோம் ஃபியூமிசினோவில் இறங்க வேண்டிய விமானத்தை மதியம் 1.10க்கு மாற்றிவிட்டார்கள். கப்பல் அன்று மாலை 5 மணிக்கு சிவிடவெக்கியா துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது, செக்-இன் 3.30க்கு மூடிவிடும். விமானமும் கப்பலும் தனித்தனி புக்கிங், அதனால் எங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

விமான நிறுவனத்திடம் இரண்டு முறை பேசினேன். முந்தைய நாள் விமானத்தில் இடமில்லை, வேண்டுமானால் முழுப் பணமும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். கப்பல் நிறுவனத்தின் கடைசி பஸ் விமான நிலையத்திலிருந்து 1 மணிக்கே போய்விடுகிறது. ரயிலில் போனால் டிராஸ்டெவெரேயில் இறங்கி மாற வேண்டும். அம்மா கைத்தடியோடு நடப்பவர், இரண்டு பெரிய பெட்டி வேறு. காரில் சுமார் ஒரு மணி நேரம் என்கிறார்கள், ஆனால் இமிகிரேஷன் வரிசையும் பெட்டி வரும் நேரமும் யார் கையில்?

இன்சூரன்ஸ் பாலிசியை நேற்று இரவு வரி வரியாகப் படித்தேன். இணைப்பு தவறினால் ஈடு உண்டு, ஆனால் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வேண்டும். முன்கூட்டியே அறிவித்த நேர மாற்றம் அதில் சேராதாம். அந்த ஒரு வரியில்தான் மனசு உடைந்தது.

அடுத்த நாள் நேப்பிள்ஸில் ஏறலாமா என்று கப்பல் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன், 4 நாளாகப் பதில் இல்லை.

ஃபியூமிசினோவில் மதியம் இறங்கி அன்றே சிவிடவெக்கியாவில் கப்பல் ஏறியவர்கள் சொல்லுங்கள்: 1.10க்கு இறங்கி, முன்பதிவு செய்த காரில் 3.30க்குள் போய்ச் சேர முடியுமா, அல்லது பணத்தைத் திரும்ப வாங்கி முந்தைய நாளுக்கு வேறு டிக்கெட் எடுத்துவிடட்டுமா?