ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கட்டைகள்: எனக்கு 8 வருது, புத்தகத்தில் 4. அவசரம்!

கதிர்11: நாளைக்கு டெஸ்ட். 2 கிலோ கட்டை, 3 கிலோ கட்டை, ஒன்றன் மேல் ஒன்று. கட்டைகளுக்கு நடுவுல மியூ (உராய்வுக் குணகம்) 0.4. 10 நியூட்டன் விசையால இழுக்கிறாங்க. உராய்வு எவ்வளவு? 0.4 × 20 = 8 தானே? விடையில 4 நியூட்டன்னு இருக்கு. அதுவும் இழுக்கிற பக்கமே அம்புக்குறி போட்டிருக்காங்க. உராய்வு எதிர்ப்பக்கம்தானே வரணும்? அச்சுப்பிழையா?

மலர்விழி: எடை 20னு (2 கிலோ × புவியீர்ப்பு முடுக்கம் 10) போட்டதால 2 கிலோ மேலன்னு எடுத்துக்கறேன். ஆனா எந்தக் கட்டையை இழுக்கிறாங்க? தரையில உராய்வு உண்டா? ரெண்டும் சேர்ந்து நகருதா, வழுக்குதா?

செல்வா_மெக்: மேல்கட்டையைத்தான் இழுப்பாங்க. அப்போ விடை 6. மொத்தம் 5 கிலோ, முடுக்கம் 2. கீழ்க்கட்டையை நகர்த்துறது உராய்வு மட்டும்தான், 3 × 2 = 6. புத்தகம் தப்பு.

நேரலை: கட்டை நகருதுல்ல, அப்போ இயக்க உராய்வு. அதுக்குத் தனி மியூ வேணும். கேள்வியே அரைகுறை.

விசைப்படம்: தரையைப் பொறுத்து நகர்ந்தால் இயக்க உராய்வு ஆகிவிடாது. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றைப் பொறுத்து மற்றொன்று வழுக்க வேண்டும். தம்பி, சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வந்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வாய். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி விசைப்படம் வரைந்த பிறகு கேள். இதை இங்கே பலமுறை சொல்லியாகிவிட்டது.

மலர்விழி: சார், டெஸ்டுக்கு முந்தின ராத்திரி வந்து கேட்கற பையன். விரட்டாதீங்க.

கதிர்11: கீழ இருக்கறத இழுக்கிறாங்க. தரை வழவழப்பு. சேர்ந்தே நகருதுன்னு கேள்வியில இருக்கு

மலர்விழி: இதை முதல்லயே சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்! 4 சரிதான். நீ கண்டுபிடிச்ச 8, ஓய்வுநிலை உராய்வு (பரப்புகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்காம இருக்கும்போது வர்றது) எட்டக்கூடிய உச்சம். எப்பவும் அவ்வளவு இருக்கணும்னு இல்ல. வழுக்காம இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வரும். முடுக்கம் 10 ÷ 5 = 2. இப்போ மேல்கட்டையை மட்டும் பாரு. கிடைமட்டமா அதைத் தொடற விசை உராய்வு ஒண்ணுதான். 2 கிலோவுக்கு 2 முடுக்கம் தரணும்னா 4 நியூட்டன். 8ஐத் தாண்டல, அதனால வழுக்கல.

திசைக்கு ஒரு வழி சொல்றேன். நடுவுல உராய்வே இல்லன்னு வச்சுக்கோ. கீழ்க்கட்டை முன்னால போயிடும், மேல்கட்டை பின்தங்கிடும். அந்தப் பின்தங்கலைத்தான் உராய்வு எதிர்க்குது, அதனால மேல்கட்டையை முன்னால தள்ளுது. கீழ்க்கட்டை மேல அதே 4 பின்பக்கமா இருக்கும், நியூட்டனோட மூன்றாம் விதி. 10 − 4 = 6, 3 கிலோ, முடுக்கம் 2. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுது பாரு.

நேரலை: ஓய்வுநிலை உராய்வு வேலையே செய்யாதுன்னு படிச்சிருக்கேன். அப்புறம் எப்படி மேல்கட்டையை வேகப்படுத்தும்?

செல்வா_மெக்: செய்யும். 1 மீட்டர் போனா மேல்கட்டை மேல உராய்வு செஞ்ச வேலை 4 ஜூல். வேகத்தின் இருமடி 4, இயக்க ஆற்றல் ½ × 2 × 4 = 4. வேற எங்கிருந்து வந்துச்சு?

நேரலை: கீழ்க்கட்டைக்கு −4. கூட்டினா பூஜ்யம். நான் சொன்னதும் அதுதான்.

விசைப்படம்: இல்லை. நீங்கள் சொன்னது "வேலையே செய்யாது". இரண்டு கட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் பூஜ்யம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிடமிருந்து எடுத்து மற்றொன்றுக்குக் கொடுக்கிறது. வெப்பமாக எதுவும் வீணாவதில்லை. வழுக்கத் தொடங்கினால்தான் அந்தக் கூட்டல் பூஜ்யமாகாது.

நேரலை: அப்போ பாடத்துல "உராய்வு ஆற்றலை வீணாக்கும்"னு பொதுவா எழுதறது ஏன்?

மலர்விழி: அதைத் தனி இழையில பேசலாமா? கதிர், அடுத்த பகுதியில "எவ்வளவு விசைக்கு மேல்கட்டை வழுக்கும்"னு கேட்டிருப்பாங்களே? உராய்வு உச்சமான 8ஐ எட்டற இடத்துல மேல்கட்டையோட முடுக்கம் என்னன்னு பாரு. அதே முடுக்கத்துல 5 கிலோவையும் இழு.

கதிர்11: 4, அப்போ 20 நியூட்டன். விடையும் அதான். நன்றி அக்கா

செல்வா_மெக்: தம்பி, நாளைக்கு மேல்கட்டையை இழுக்கிற மாதிரி மாத்திக் கேட்டா 20னு எழுதிடாத. அங்க கீழ்க்கட்டைக்கு அதிகபட்சம் 8தான் கிடைக்கும், முடுக்கம் 8/3. 5ஆல பெருக்கினா சுமார் 13.3 நியூட்டன்.